சுட்டால் ஏன் ஓடுகிறார்கள்?

உலகத்தில் இதுவரை நடந்த எந்த ஓட்டப் பந்தயத்திலும் ஓடியவர் ஜெயித்ததில்லை, சுட்டவர்தான் ஜெயித்திருக்கிறார். இது பக்தவத்சலம் கண்டறிந்த உண்மை. இதை அவர் தமாஷாகச் சொல்லவில்லை. தமாஷாக அவர் எதையுமே சொன்னதில்லை.

"ஓடறவன் இன்னா பண்றான்? கால் கீது, ஓடறான். நாய்கூடத்தான் ஓடுது. ஆனா எப்ப ஓடணும்னு சொல்றவன் எவன்? நான் சுடலன்னு வெச்சிக்க, ஒலிம்பிக்ஸ்ல கூட அத்தினி பேரும் குனிஞ்சது குனிஞ்சபடி கெடப்பானுங்க."

"அவனுங்க குனிஞ்சிகினு கெடக்கட்டும். நீ கொஞ்சம் குனிஞ்சு அந்தக் கொழாய் ஏன் ஒழுவுதுன்னு பாரு" என்பாள் அவர் மனைவி லீலா. மேதைகளின் வீட்டில் எப்போதும் இப்படி ஒரு குரல் இருக்கும்.

பக்தவத்சலத்தின் தாத்தா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பட்டாளத்தோடு புனேவுக்கு வந்தவர். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தார். மகனும் அதே தொழிற்சாலைக்குப் போனார். அவருக்குப் பெட்டி கட்டும் பிரிவு. குண்டுகளை வைக்கோலில் படுக்கவைத்து, மூடி போட்டு, ஆணி அடிக்க வேண்டும். அவர் அடைத்து அனுப்பிய குண்டுகள் எங்கெங்கோ எல்லையில் வெடித்திருக்கும். ஒன்றுகூட அவர் காதில் விழுந்ததில்லை. பிள்ளைகளைப் பெற்றுப் பெற்று வெளியூருக்கு அனுப்பிவிட்டு, ஒரு கடுதாசியும் வராத தகப்பனின் நிலைமை அது.

அந்த ஏக்கத்தைத் தீர்த்தது ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கி. மாவட்டத் தடகளச் சங்கம் விஷ்ராந்த்வாடிக்கு அப்பால் மோர்மாள் மைதானத்தில் நடத்தும் போட்டிகளுக்கெல்லாம் பக்தவத்சலம்தான் ஸ்டார்ட்டர். சிவப்புக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, ஏறி நிற்க ஒரு ஸ்டூல். "ஆன் யுவர் மார்க்" என்பார். "செட்" என்பார். பிறகு ஓர் இடைவெளி விடுவார். அந்த இடைவெளி புனே முழுக்கப் பிரசித்தம். அதற்குள் சில பையன்களுக்கு மீசை முளைத்துவிடும் என்று பேச்சு. அதற்கப்புறம்தான் டுமீல்.

அவர் மகள் தேஜஸ்வினி நூறு மீட்டர் ஓடுபவள். புனேயில் பிறந்து வளர்ந்த பெண்ணாகையால் அவள் தமிழ் நடந்து வரும்; கால்கள் மட்டும் ஓடும். மகள் என்பதற்காக பக்தவத்சலம் சலுகை காட்டியதில்லை. ஒருமுறை அவள் கட்டைவிரல் அசைந்தது என்று பந்தயத்தையே நிறுத்தித் திருப்பி அழைத்திருக்கிறார். "அப்பா, அது கொசு" என்றாள் அவள். "கொசுவையும் வெளியேத்து" என்றார் அவர்.

தொண்ணூற்றேழாம் வருஷக் கடைசியில் அந்தப் பெண்ணுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. நாசிக்கில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் அணி. அதற்கான தேர்வு மோர்மாள் மைதானத்தில் டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடக்க வேண்டும். ஜனவரியில் அவளுக்குப் பதினாறு முடிகிறது. இதை விட்டால் வேறு வருஷம் கிடையாது. சங்கத்தின் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: ஓட்டம் சத்தத்தோடும் புகையோடும் தொடங்கப்பட வேண்டும். சத்தம் ஓடுபவர்களுக்கு. புகை, நூறு மீட்டர் தள்ளிக் கோட்டின் முடிவில் ஸ்டாப் வாட்ச்சோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு. சத்தம் அவ்வளவு தூரம் வந்து சேர்வதற்குள் கொஞ்சம் நேரம் களவு போய்விடும் என்பதால், அவர்கள் புகையைப் பார்த்துத்தான் கடிகாரத்தை அழுத்துவார்கள். விசில் ஊதித் தொடங்கிய ஓட்டத்தின் நேரத்தை நாசிக்காரர்கள் கையாலும் தொடமாட்டார்கள்.

"அப்பா, நான் நாசிக் போவேன் நா? பக்கா?" என்று கேட்டாள் தேஜஸ்வினி.

"துப்பாக்கி எங்கையில கீது. அப்பறம் இன்னா?" என்றார் பக்தவத்சலம்.

இப்படிப் பேசும்போது பக்கத்தில் ஒரு நகர சபை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மோர்மாள் நகர சபை எல்லைக்குள் அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு கல்யாண ஊர்வலம் நடந்தது. மணப்பெண்ணின் மாமா, சந்தோஷம் தாங்காமல், துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டார். வானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நகர சபைத் தலைவரின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை விழுந்தது. தலைவர் அப்போது கீழே குளித்துக்கொண்டிருந்தார். கண்ணில் சோப்போடு ஒரு மனிதர் எடுக்கும் முடிவு உறுதியானது. மாமா தலைவருக்குத் தூரத்து உறவு என்று பிறகு தெரியவந்ததால், மாமாவை விட்டுவிட்டுத் துப்பாக்கிகளைப் பிடித்தார்கள். நகர எல்லைக்குள் எந்தத் துப்பாக்கியும் அங்கீகரிக்கப்பட்ட சுடுதளத்தில் அன்றி வேறெங்கும் வெடிக்கப்படக் கூடாது என்று விதி வந்தது. பட்டாசுக்கு தீபாவளி தவிர மற்ற நாளில் ஏற்கெனவே தடை இருந்ததால், சத்த விஷயத்தில் ஊர் பூரண அமைதி அடைந்தது.

விதியைக் காக்கச் சுடுதல் பிரிவு என்று ஒன்று உண்டாயிற்று. ஓர் அதிகாரி, ஒரு குமாஸ்தா, ஒரு பியூன், இன்னும் வந்து சேராத ஒரு ஜீப். ஊரில் சுடுதளம் எதுவும் இல்லை. அதனால் யாரும் சுட முடியாது. யாரும் சுடாததால் பிரிவு தன் கடமையில் முழு வெற்றி பெற்றுவிட்டதாக முதல் மாத அறிக்கை சொன்னது. வெற்றியைத் தக்கவைக்கக் கூடுதல் ஆள் வேண்டும் என்றும் சொன்னது.

பக்தவத்சலம் பயிற்சி ஓட்டத்துக்கு ஒரு முறை சுட்டார். புகை கலைவதற்குள் பியூன் சைக்கிளில் வந்து இறங்கினான். அவன் முகத்தில் கோபம் இல்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து காத்திருந்த சத்தத்தைக் கேட்டுவிட்ட பூரிப்புதான் இருந்தது.

சுடுதல் பிரிவின் அதிகாரி பெயர் தாம்லே. மேஜைமேல் ஒரு பித்தளைத் தோட்டா உறையில் பேனாக்களைச் சொருகி வைத்திருந்தார். அவர் பேசியது மராட்டி. இங்கே தமிழில் தரப்படுகிறது. எந்த மொழியில் தந்தாலும் விளங்குவது ஒரே அளவுதான் என்பதால் நஷ்டமில்லை.

"நாங்கள் துப்பாக்கிக்கு எதிரிகள் அல்ல" என்றார் தாம்லே. "அது வெடிப்பதற்குத்தான் எதிரிகள்."

"சாகேப், இது நெஜத் துப்பாக்கியே இல்லிங்க. குண்டே கெடையாது. வெறும் சத்தம், கொஞ்சம் பொகை."

தாம்லே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "குண்டே கிடையாதா? ஐயா, குண்டு இருந்தால் அது எங்கே போயிற்று என்று தேடிக் கண்டுபிடிக்கலாம். தொட்டியிலா, சுவரிலா, யார் தொடையிலா என்று எழுதி வைக்கலாம். இல்லாத குண்டு எங்கே போயிற்று என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?"

பக்தவத்சலம் அறையின் மூலையில் இருந்த குமாஸ்தாவைப் பார்த்தார். அவர் பெயர் ஜோஷுவா. திருநெல்வேலிக் குடும்பம், கட்கியில் வீடு. "சாரு சொல்லுறது சரிதான் அண்ணாச்சி. இல்லாததுக்குத்தான் இங்க ஜாஸ்தி வேலை" என்றார் ஜோஷுவா, தலையைத் தூக்காமல்.

"இந்த வாரம் போவட்டும். ஞாயித்துக்கெழமை தேர்வு. எம் பொண்ணு ஓடணும் சார்" என்றார் பக்தவத்சலம். ஆயுளில் முதல்முறையாக அவர் குரலில் கெஞ்சல் இருந்தது.

தாம்லே கல்நெஞ்சர் அல்லர். யோசித்தார். பிறகு அவர் முகம் கல்யாண மண்டபம்போல் விளக்குப் போட்டுக்கொண்டது. "விதியை மீற வேண்டாம். மைதானத்தைச் சுடுதளம் ஆக்கிவிடுவோம்! நம் பிரிவின் முதல் சுடுதளம்!"

பக்தவத்சலம் வீடு திரும்பும்போது மார்பு முன்னாலும் சைக்கிள் பின்னாலும் வந்தது. தனக்கென்று ஒரு சுடுதளம்! ஒலிம்பிக்ஸில் சுடுபவனுக்குக்கூட இது வாய்த்ததில்லை. "கேட்டியாடி, எனுக்காக நகர சபை சட்டத்தயே திருப்புது" என்றார்.

"திருப்பும்போது ஒன்மேல ஏத்திறப் போவுது, தள்ளி நில்லு" என்றாள் லீலா.

மறுநாள் தாம்லே மைதானத்தைப் பார்வையிட வந்தார். கூடவே ஜோஷுவா, பியூன், ஒரு நாடா, இரண்டு சிவப்புக் கொடிகள். தேஜஸ்வினியும் மற்றப் பெண்களும் ஓரமாக நின்று கால்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"குறிப்பலகை எங்கே?" என்றார் தாம்லே.

"குறியெல்லாம் கெடையாதுங்க. வானத்தப் பார்த்துச் சுடுவேன்."

"வானம் எங்கள் எல்லைக்குள் வராது. அது விமானப் படைக்காரர்களுடையது. அவர்களிடம் யார் போய்ப் பேசுவது?"

ஆகவே வானத்துக்கும் பக்தவத்சலத்துக்கும் நடுவே, நான்கு மூங்கில்களின் மேல், வட்டங்கள் வரைந்த ஒரு தகரப் பலகையைக் கூரைபோலக் கட்டுவது என்று முடிவாயிற்று. அவர் ஸ்டூலில் ஏறினால் தகரம் தொப்பியை இடிக்கும். சுற்றிலும் மணல் மூட்டைகள். மணல் மூட்டைகளுக்கு நடுவே, தகரத்துக்குக் கீழே, சிவப்புக் கோட்டோடு நின்று பார்த்தார் பக்தவத்சலம். டீக்கடை அடுப்பில் எரியும் தணல்போல இருக்கிறார் என்று பெண்கள் சிரித்தார்கள்.

"இனி முக்கியமான விஷயம்" என்றார் தாம்லே. "நீங்கள் சுடும்போது இந்தப் பெண்கள் எங்கே இருப்பார்கள்?"

"இதோ, கோட்டுல."

"சுட்டதும்?"

"ஓடுவாங்க."

தாம்லே நாடாவைக் கீழே வைத்தார். "சுட்டால் ஏன் ஓடுகிறார்கள்?"

"அதுக்குத்தான் சார் சுடறதே!"

"அப்படியானால், பொதுமக்கள் நடுவே பீதியை உண்டாக்கி, அவர்களைத் தலைதெறிக்க ஓடவைக்கும் நோக்கத்தோடுதான் சுடுகிறீர்கள் என்று என் முன்னால் ஒப்புக்கொள்கிறீர்கள்?"

பக்தவத்சலம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பெட்டி கட்டும் பிரிவில் இப்படி யாரும் அவரிடம் பேசியதில்லை.

"சுடுதள விதி தெளிவாக இருக்கிறது" என்று தொடர்ந்தார் தாம்லே. "சத்தம் கேட்டதும் எல்லோரும் குப்புறப் படுக்க வேண்டும். பத்திரம் என்று நான் கொடி காட்டும்வரை எழுந்திருக்கக் கூடாது. ஓட்டத்தை நான் தடுக்கவில்லை. முதலில் பெண்கள் ஓடி முடிக்கட்டும். மைதானம் காலியாகட்டும். அப்புறம் நீங்கள் நிம்மதியாகச் சுடுங்கள்."

"ஓடி முடிச்ச அப்பறம் சுட்டா அதுக்குப் பேரு இன்னா சார்?"

"பாதுகாப்பு."

அதற்கு மறுநாள் சுடும் தகுதித் தேர்வு. சுடுதளத்தில் சுடுகிறவருக்குக் குறி பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். பக்தவத்சலம் தலைக்கு மேலிருந்த தகரத்தைப் பார்த்து வெற்றுத் தோட்டாவைச் சுட்டார். புகை அடங்கியதும் பியூன் ஏணி வைத்து ஏறி, வட்டங்களைத் தடவிப் பார்த்து, "படவில்லை" என்று அறிவித்தான். மறுபடி சுட்டார். மறுபடி ஏறினான். மறுபடி படவில்லை.

"கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற பலகை" என்றார் தாம்லே வருத்தத்தோடு. "மனம் தளராதீர்கள். சிலருக்குப் பிறவியிலேயே வராது."

"குண்டே இல்லாம எப்பிடி சார் படும்?"

"சாக்குச் சொல்லாதீர்கள். நான் இந்தப் பதவிக்கு வந்ததிலிருந்து ஒருமுறைகூடக் குறி தவறியதில்லை."

"எத்தினி வாட்டி சுட்டீங்க?"

"சுட்டதில்லை. அதனால்தான்."

தகுதியில்லாதவர் தகுதியுள்ளவரின் மேற்பார்வையில் சுடலாம் என்று விதியில் ஒரு பொந்து இருந்தது. தகுதியுள்ளவர் தாம்லே ஒருவரே என்பதால் அந்தப் பொந்து வழியே பக்தவத்சலம் புகுந்துவிட்டார். ஆனால் ஓட்டச் சிக்கல் அப்படியே நின்றது. அதற்கும் தாம்லேதான் வழி கண்டுபிடித்தார். ராத்திரியெல்லாம் விதிகளைப் புரட்டினாராம். சுடுதளத்தில் சத்தத்துக்குப் பிறகு மனிதர்கள்தான் அசையக் கூடாது. குறிகள் அசையலாம். நகரும் குறி என்றே ஒரு பிரிவு இருக்கிறது.

"ஆகவே இந்தப் பெண்களை நகரும் குறிகளாகப் பதிவு செய்துவிட்டேன்" என்று அறிவித்தார். "முதுகில் எண்ணுக்குப் பதிலாக ஆளுக்கொரு வட்டக் குறி ஒட்டிக்கொள்ளட்டும். பிறகு எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் ஓடலாம்."

இதைக் கேட்ட லீலா, கையிலிருந்த கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். "எம் பொண்ணு முதுவுல குறிபோட்டு, அப்பனை வுட்டுச் சுடச் சொல்றானுங்களா? நீயும் தலைய ஆட்டிகினு வந்தியா?"

"குண்டு இல்லடி."

"ஒனுக்கு மூளையும் இல்ல."

அன்று சாயங்காலம் ஜோஷுவா வீட்டுக்கு வந்தார். டீயை ஊதிக் குடித்தபடி, குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய" என்றார். "நானும் அந்த விதிய எத்தனையோ மட்டம் டைப் அடிச்சிருக்கேன். துப்பாக்கின்னு இருக்கு, பட்டாசுன்னு இருக்கு, வேட்டுன்னு இருக்கு. வாய்னு இல்ல. பேசாம நீங்க ஸ்டூல்ல ஏறி நின்னு, வாயாலயே டுமீல்னு ஒரு சத்தம் குடுத்துருங்க. சோலி முடிஞ்சுது."

பக்தவத்சலம் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிட்டது.

"வாயாலயா? ஜோஷுவா தம்பி, வாயால வடை சுடறவனைப் பார்த்துக்கீறேன், வாயால ரேஸ் சுடறவனை எங்கியும் பார்த்ததில்ல!" என்றவர், அத்தோடு விடவில்லை. தெருவுக்கு இறங்கினார். இரண்டு விரலை நீட்டி, உதட்டைக் குவித்து, சின்னப் பையன் குரலில் "டுமீல், டுமீல்" என்று மின்கம்பத்தைச் சுட்டுக் காட்டினார். தெருவே கூடிச் சிரித்தது. ஜோஷுவாவும் சிரித்தார், டீ கொடுத்த வீட்டில் சிரிக்காமல் இருப்பது மரியாதை இல்லை.

"உசுரே போனாலும் பக்தவத்சலம் வாயால சுடமாட்டான். எழுதி வெச்சிக்க."

தேஜஸ்வினி மட்டும் சிரிக்கவில்லை. "அப்பா, அந்த அங்கிள் சொன்னது வொர்க் ஆவுமா?" என்று மெல்லக் கேட்டாள்.

"போயி உன் குறிய ஒட்டிப் பாரு" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மோர்மாள் மைதானத்தில் தோரணம் கட்டியிருந்தது. ஓட்டப் போட்டிக்கு அல்ல. சுடுதளத் திறப்பு விழாவுக்கு. மணல் மூட்டைகளுக்கு மாலை போட்டிருந்தார்கள். ஒரு ஆம்புலன்ஸ் நின்றது. யாருக்கும் அடிபடாததால் அதன் டிரைவர் கொஞ்சம் கூச்சத்தோடு நின்றார். பெண்கள் முதுகில் வட்டங்களோடு வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். நாசிக்குக்குப் பட்டியல் கொண்டுபோக வேண்டிய சங்கப் பார்வையாளர், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கையையே தேய்த்துவிட்டார்.

தலைவர் பேசினார். "இந்தச் சுடுதளம் நம் நகரத்தின் பெருமை. எல்லா நவீன வசதிகளும் இங்கே இருக்கின்றன. இனி வரும் தலைமுறைகள் இதைப் பொன்போலப் பாதுகாக்க வேண்டும். இங்கே ஒரு தோட்டாகூட வெடிக்காது என்று நான் உறுதி கூறுகிறேன்!"

தாம்லே எல்லோரையும்விட அதிகமாகக் கை தட்டினார்.

விழா நடக்கும்போது ஆயுதம் ஆயுத அறையில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆயுத அறை என்பது பச்சைப் பெயின்ட் அடித்த ஓர் இரும்புப் பெட்டி. பக்தவத்சலத்தின் துப்பாக்கியை அதில் வைத்து இரண்டு பூட்டுப் போட்டார்கள். ஒரு சாவி தாம்லேயிடம். மற்றதை, விழா அழகுக்காக, தட்டில் வைத்துத் தலைவருக்குக் கொடுத்தார்கள். தலைவர் அதைக் கண்ணில் ஒற்றி, சட்டைப் பையில் போட்டு, வடை சாப்பிட்டு, நிக்டியில் ஒரு கல்யாணம் இருக்கிறதென்று காரில் ஏறிப் போய்விட்டார்.

பெட்டிக்கு முன்னால் எல்லோரும் நின்றார்கள்.

"ஒடச்சிரலாம்" என்றார் பக்தவத்சலம்.

"ஆயுத அறையை உடைப்பதா?" தாம்லே இரண்டு கையாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டார். "அது சுடுவதைவிடப் பெரிய குற்றம். பொறுங்கள், பியூனை நிக்டிக்கு அனுப்பியிருக்கிறேன். சைக்கிளில் போயிருக்கிறான்."

விஷ்ராந்த்வாடியிலிருந்து நிக்டி எவ்வளவு தூரம் என்று தெரிந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

பார்வையாளர் பையைத் தோளில் மாட்டினார். "வெளிச்சம் இறங்குகிறது. சத்தமும் புகையும் இருந்தால் இப்போது நடத்துங்கள். இல்லையென்றால் மோர்மாளிலிருந்து யாரும் இல்லை என்று எழுதிக்கொடுத்துவிடுகிறேன். எனக்கும் வீடு வாசல் இருக்கிறது."

யாரும் சொல்லாமலே பெண்கள் எழுந்து கோட்டுக்குப் போனார்கள். தேஜஸ்வினி மூன்றாவது தடத்தில் நின்றாள். அப்பாவைப் பார்க்கவில்லை. குனிந்து, ஷூ லேஸை அவிழ்த்து, திரும்பக் கட்டி, திரும்ப அவிழ்த்தாள். கட்டுவதற்கும் அவிழ்ப்பதற்கும் நடுவே புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பக்தவத்சலம் அதைப் பார்த்தார். ஜோஷுவாவின் பக்கம் மெல்ல நகர்ந்தார். ஏதோ திருட்டுச் சாராயம் கேட்பவர்போல வாயை மட்டும் அசைத்து, "தம்பி, ஒரு பீடி கீதா?" என்றார்.

"நீங்க குடிக்க மாட்டியளே அண்ணாச்சி?"

"குடுய்யா. பத்தவெச்சிக் குடு."

ஜோஷுவா ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார். நல்ல மனிதர், பீடியைப் பற்றவைத்துக் கொடுத்து, தானும் வேறெங்கோ பார்த்துக்கொண்டார்.

கோட்டின் மறுமுனையில் தலைமை நேரக்காப்பாளர் இஸ்மாயில் உட்கார்ந்திருந்தார். பட்டாள முகாம் பக்கத்தில் கடிகாரக் கடை வைத்திருப்பவர். ஸ்டூலில் சிவப்புக் கோட்டு ஏறுவது அவருக்குத் தெரிந்தது. "வாட்ச்ச கையில எடுங்கப்பா. நம்ம ஆளு ஏறிட்டாரு" என்று மற்றவர்களை உஷார்ப்படுத்தினார்.

"ஆன் யுவர் மார்க்" என்றார் பக்தவத்சலம். பெண்கள் குனிந்தார்கள்.

வலது கையைத் தூக்கினார். கையில் ஒன்றும் இல்லை. இடது கையால் பீடியை வாயில் வைத்து, கன்னம் ஒட்டும்வரை இழுத்து, புகையை உள்ளேயே அடக்கிக்கொண்டார். வாயைத் திறந்தால் புகை போய்விடும் என்பதால் "செட்" என்பதை மூக்கால் சொன்னார். பெண்களின் இடுப்புகள் உயர்ந்தன. பிறகு அந்தப் பிரசித்தமான இடைவெளி. இந்த முறை அது மிகச் சின்னதாக இருந்தது. பழக்கமில்லாத நெஞ்சு அதற்குமேல் தாங்காது.

"டுமீல்!"

தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய தொண்டை. தலைக்கு மேல் தகரம். சத்தம் போய்த் தகரத்தில் மோதி, மணல் மூட்டைகளுக்குள் உருண்டு, மைதானத்தின் மேல் இடிபோல் இறங்கியது. மரத்திலிருந்த காகங்கள் எல்லாம் எழும்பின. வாயிலிருந்து வெள்ளைப் புகை ஒரு கொத்தாகப் புறப்பட்டு, தகரத்தைச் சுற்றிக்கொண்டு மேலே போயிற்று. மறுமுனையில் மூன்று கட்டைவிரல்கள் ஒன்றாக அழுந்தின.

பெண்கள் ஓடினார்கள். ஆறு வட்டங்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு சின்னதாகிக்கொண்டே போயின. மூன்றாவது தடத்து வட்டம் எல்லாவற்றுக்கும் முன்னால் போயிற்று.

விதிப்படி குப்புறப் படுத்தவர் தாம்லே ஒருவர்தான். பெட்டியை விடாமல், புல்லில் முகத்தை வைத்தபடியே, "யார் சுட்டது?" என்று கத்தினார்.

"யாரும் சுடல சார்" என்றார் ஜோஷுவா. "பெட்டி பூட்டித்தான் கிடக்கு. நீங்கதான கட்டிப் பிடிச்சிருக்கிய."

தாம்லே பெட்டியைத் தடவிப் பார்த்தார். இரண்டு பூட்டும் இருந்தன. "அப்படியானால் அந்தச் சத்தம்?"

"எந்தச் சத்தம் சார்?"

தாம்லே விதிகளை மனதுக்குள் புரட்டினார். "துப்பாக்கி இல்லாமல் சத்தம் வருவதற்கு நம் விதியில் இடம் இல்லை. ஆகவே வரவில்லை" என்று எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

மறுமுனையில் இஸ்மாயில் வாட்ச்சை உயர்த்தி ஆட்டினார். "வாத்யாரே! ஒம் பொண்ணு பறந்துட்டா!" பார்வையாளர் மூன்று கடிகாரங்களையும் பார்த்து, சத்தம் உண்டு, புகை உண்டு என்று தலையை ஆட்டி, நாசிக் பட்டியலில் முதல் பெயரை எழுதினார். தேஜஸ்வினி கோட்டுக்கு அப்பால் மல்லாந்து படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பக்தவத்சலம் ஸ்டூலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். அது பீடியினால் என்று கேட்காதவர்களிடமும் சொன்னார்.

அடுத்து பையன்கள் கோட்டுக்கு வந்தார்கள். அதே நேரத்தில் யாரோ ஒருவரின் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, சைக்கிளை எங்கேயோ விட்டுவிட்டு, பியூன் வந்து குதித்தான். கையில் சாவி. தாம்லே வெற்றிப் புன்னகையோடு இரண்டு பூட்டையும் திறந்து, துப்பாக்கியை எடுத்து நீட்டினார்.

"வாருங்கள்! முதலில் ஆயுதத்தைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து. பிறகு பையன்களுக்குக் குறி ஒட்ட வேண்டும். சுட்டதும் ஏணி வைத்துப் பலகையைப் பார்த்து மதிப்பெண். மதிப்பெண் வந்த பிறகு அடுத்த தோட்டா. நான் பக்கத்திலேயே நிற்கிறேன், பயப்படாதீர்கள்."

பக்தவத்சலம் துப்பாக்கியைக் கையில் வாங்கினார். துடைத்தார். ஒரு தடவை முகர்ந்தும் பார்த்தார். கோட்டில் பையன்கள் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மேற்கே வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவர் துப்பாக்கியைத் திரும்பப் பெட்டிக்குள் படுக்கவைத்து, மூடியைச் சாத்தினார். யாருக்கும் கேட்காத குரலில், "ஜோஷுவா தம்பி, இன்னொண்ணு பத்தவெய்யி" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலில் ஏறினார்.